ஐந்து ஸ்டார் இருந்தால் அப்பாவைத் தைரியமாகச் சேர்க்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 81 வயது. அல்சைமர் என்று தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது, இதுவரை எங்களோடுதான் இருந்தார். போன வாரம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இனிமேல் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர் மூன்று நர்சிங் ஹோம் பெயர்களைக் கொடுத்து, நாளைக்குள் சொல்லுங்கள் என்கிறார். அரசாங்கத்தின் கேர் கம்பேர் பக்கத்தில் பார்த்தால் ஒன்றுக்கு 5 ஸ்டார், மற்றவற்றுக்கு 4, 3. ஐந்தையே முடிவு செய்துவிடலாம் என்கிறார் என் கணவர். அப்பா இப்போது ஆங்கிலமே பேசுவதில்லை. சென்னையில் இருக்கும் அண்ணன் போன் செய்தால் "அப்பாவைக் கொண்டுபோய் ஹோமில் தள்ளப் போறியா" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. இந்த ஸ்டாரை நம்பலாமா டாக்டர்?

பதில்: நம்பலாம் சகோதரி, ஒரே ஒரு காரியத்துக்கு. எந்த இடம் வேண்டவே வேண்டாம் என்று கழிப்பதற்கு. 1 ஸ்டார், 2 ஸ்டார் இடங்களைத் தள்ளிவைக்க அது உதவும். ஆனால் 3, 4, 5 வாங்கிய மூன்று இடங்களில் எது உங்கள் அப்பாவுக்குச் சரிப்படும் என்பதை அந்த எண் சொல்லாது. மறதிநோய் உள்ளவர் என்றால் இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் சொல்லும். ஏன் என்று சொல்லிவிட்டு, நாளைக்குள் என்ன பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று: பட்டியலையும் தர விவரங்களையும் உங்களிடம் கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை, எந்த இடம் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. டிஸ்சார்ஜ் அவசரமாக நடக்கிறது, அப்பா இன்னும் தயாராகவில்லை என்று நினைத்தால் மெடிகேரில், அதாவது முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டில், மேல்முறையீடு செய்யலாம். அதற்கான நோட்டீஸில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

சரி, ஸ்டார். நர்சிங் ஹோம்களைப் பற்றிய விவரங்களை மத்திய அரசு 1998லிருந்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. 2002 நவம்பரில் தர அளவீடுகள் நாடு முழுவதற்கும் வந்தன, 2008 டிசம்பரில் ஸ்டார் வந்தது. அதற்குள் மூன்று தனித்தனி மதிப்பெண்கள் இருக்கின்றன: மாநில அதிகாரிகள் நேரில் வந்து செய்யும் ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, தர அளவீடுகள். ஆய்வில் வாங்கியதுதான் அடிப்படை. ஊழியரில் 5 வாங்கினால் அதோடு ஒரு ஸ்டார் கூடும், 1 வாங்கினால் ஒன்று குறையும், தர அளவீட்டிலும் அதே கணக்கு. அதாவது, நேரில் வந்து பார்த்தவர்கள் 3 கொடுத்த இடம்கூட மற்ற இரண்டிலும் 5 வாங்கியிருந்தால் மொத்தத்தில் 5 ஸ்டாராக உங்கள் திரையில் வந்து நிற்கும். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, மூன்று இடங்களுக்கும் இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. உங்களுடைய 4 ஸ்டார் இடத்தின் ஆய்வு மதிப்பெண், 5 ஸ்டார் இடத்தைவிடக் கூடுதலாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆய்வு ஸ்டார் மாநிலத்துக்குள் தரவரிசைப்படி கொடுப்பது என்பதும் நினைவிருக்கட்டும். முதல் 10 சதவீதத்துக்கு 5, கடைசி 20 சதவீதத்துக்கு 1, மீதிப்பேர் நடுவில். ஆகவே 5 என்றால் நியூ ஜெர்சியில் மற்றவர்களைவிட மேல் என்றுதான் பொருள்.

இப்போது தர அளவீடுகள். இவற்றில் பெரும்பாலானவை நர்சிங் ஹோம் தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்பும் விவரங்களிலிருந்து வருகின்றன. எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், எத்தனை பேர் என்னென்ன மருந்து எடுக்கிறார்கள் என்று. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், விழுந்து பலத்த அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் மெடிகேர் பில்களை எடுத்து இந்த விவரங்களோடு ஒப்பிட்டார்கள். 60 சதவீதத்துக்கும் குறைவானவையே நர்சிங் ஹோம்களின் பதிவில் இருந்தன. தன் வாயால் நடந்ததைச் சொல்லத் தெரிந்தவர் விழுந்தால் மகளிடம் சொல்வார், மகள் சண்டைக்கு வருவாள். உங்கள் அப்பா சொல்ல மாட்டார். மறதிநோய் உள்ளவர்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை இதுதான், தன் தரப்பைச் சொல்ல முடியாதவரைப் பற்றிய பதிவை, அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களே எழுதுகிறார்கள்.

மருந்து விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போனது என்று நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். மனச்சிதைவு நோய்க்காக வந்த ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளை, மறதிநோயில் கத்துகிறார், அலைகிறார், அடிக்க வருகிறார் என்பதற்காகக் கொடுக்கும் வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. இவை மறதிநோய் உள்ள முதியவர்களில் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005ல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது, 2008ல் பழைய தலைமுறை மருந்துகளுக்கும் அதையே நீட்டித்தது. இருந்தும் 2011 கடைசியில் நீண்டகாலமாகத் தங்கியிருப்பவர்களில் 23.9 சதவீதம் பேர் இந்த மருந்தில் இருந்தார்கள். 2012ல் அரசு இதைக் குறைக்க ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது, 2015ல் அந்த எண்ணை ஸ்டார் கணக்கிலும் சேர்த்தது. எண் குறையவும் செய்தது. நல்லதுதானே?

பாதி நல்லது. மனச்சிதைவு நோய் இருப்பவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி இருந்தது, நியாயமான விதிதான், அவர்களுக்கு அந்த மருந்து தேவை. ஆனால் 2021 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் கணக்குப் பார்த்தபோது, நர்சிங் ஹோம்களில் 9 பேருக்கு ஒருவருக்கு மனச்சிதைவு என்று எழுதியிருந்தது. வெளியே மக்கள் தொகையில் அது சுமார் 150 பேருக்கு ஒருவர். எண்பது வயதில் திடீரென்று யாருக்கும் மனச்சிதைவு வருவது மிகமிக அபூர்வம். அந்த நோயின் பெயரை எழுதினால் மருந்து கணக்கிலிருந்து மறையும், ஸ்டார் ஏறும். 2023லிருந்து மெடிகேர் நிர்வாகம் இதைத் தணிக்கை செய்து, தவறாக எழுதிய இடங்களின் தர ஸ்டாரை 1 ஸ்டாராக இறக்குகிறது. இன்னொன்று, 2022ல் வந்த அரசுத் தணிக்கை அறிக்கைப்படி, 2011லிருந்து 2019 வரை மனநிலையைப் பாதிக்கும் ஏதோ ஒரு மருந்தில் இருந்தவர்களின் விகிதம் சுமார் 80 சதவீதத்திலேயே நின்றது. ஆன்டிசைக்காட்டிக் குறைந்தபோது வலிப்பு மருந்துகள் கூடின. எண்ணுகிற மருந்தைக் குறைத்து, எண்ணாத மருந்தைக் கூட்டினார்கள். எல்லோரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் சொல்லவில்லை, ஆள் பற்றாத ராத்திரியில் அமைதிப்படுத்தும் ஒரு மாத்திரைக்கு இருக்கும் இழுப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இது அநியாயம்.

அதனால் அந்த மூன்று இடங்களுக்கும் போன் போட்டு நர்சிங் டைரக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: உங்களிடம் இருக்கும் மறதிநோயாளிகளில் எத்தனை பேர் ஆன்டிசைக்காட்டிக் எடுக்கிறார்கள், உள்ளே வந்த பிறகு மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர், தூக்கத்துக்கோ மூடுக்கோ என்று வலிப்பு மருந்து கொடுக்கிறீர்களா. சிலர் தடுமாறுவார்கள், சிலர் "அதெல்லாம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்" என்று தட்டிக்கழிப்பார்கள். ஒருவர், "போன வருடம் இத்தனை பேரிடம் குறைத்தோம், இன்னாரிடம் முடியவில்லை, காரணம் இது" என்று பேச ஆரம்பித்தால், அந்த இடத்தைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.

கேர் கம்பேரில் நான் நிஜமாகவே மதிக்கும் பகுதி ஊழியர் விவரம். 2016க்குப் பிறகு இதைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து அனுப்ப வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் இதில் கதை அளப்பது கடினம். 2022லிருந்து இரண்டு புதிய விவரங்கள் அதில் உண்டு, சனி ஞாயிறு எத்தனை ஊழியர்கள், ஒரு வருடத்தில் எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு இந்த இரண்டாவது எண்தான் மொத்த ஸ்டாரையும்விட முக்கியம் என்பேன். புட்டம் கழுவிவிடுவதும் சட்டை மாட்டிவிடுவதும் ஊட்டிவிடுவதும் தினமும் ஒரே முகமாக இருந்தால், பெயர் நினைவில்லாவிட்டாலும் அவர் உடம்பு அந்த ஆளை அறிந்துவைத்திருக்கும். வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்து வேட்டியை, பேன்ட்டைக் கழற்றினால் யார்தான் கையை ஓங்க மாட்டார்கள்? உடனே அது பதிவேட்டில் "ஆக்ரோஷம்" என்று ஏறும், அடுத்தது மாத்திரை. நியூ ஜெர்சியில் இதற்குச் சட்டமே இருக்கிறது, பகலில் 8 பேருக்கு ஒரு நர்சிங் அசிஸ்டன்ட், மாலையில் 10 பேருக்கு ஒரு பராமரிப்பு ஊழியர், இரவில் 14 பேருக்கு ஒருவர். அன்றன்றைய ஊழியர் எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது மத்திய விதி. போகும்போது அந்தத் தாளைத் தேடுங்கள், தேதி இன்றையதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஆய்வு அறிக்கை. ஸ்டாரைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதைத் திறப்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். சிஎம்எஸ் 2567 என்று பெயர், கேர் கம்பேரிலேயே முழு அறிக்கையும் கிடைக்கும், நர்சிங் ஹோமிலும் கேட்டவுடன் காட்ட வேண்டும். அதிகாரிகள் என்ன பார்த்தார்கள், ஊழியர் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்று வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண் உண்டு. எஃப் 744 என்றால் மறதிநோய் பராமரிப்பில் குறை. எஃப் 689 என்றால் விபத்து, கண்காணிப்பில் குறை, யாருக்கும் தெரியாமல் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார் என்பதெல்லாம் இதில்தான் வரும். எஃப் 600 என்றால் துன்புறுத்தல் அல்லது கவனிக்காமல் விட்டது. பக்கத்தில் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து இருக்கும். ஜி என்றால் ஒருவருக்கு நிஜமாகத் தீங்கு நேர்ந்திருக்கிறது, ஜே, கே, எல் என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. சமையலறை ஃபிரிட்ஜில் தேதி ஒட்டவில்லை என்று டி எழுத்தில் பத்து குறை இருந்தாலும் நான் பயப்பட மாட்டேன். எஃப் 689, ஜி என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுவதும் படிப்பேன், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கேட்பேன். சிவப்பு வட்டத்துக்குள் கை போட்ட குறி பெயருக்குப் பக்கத்தில் இருந்தால், துன்புறுத்தல் தொடர்பாக நடவடிக்கை வந்த இடம். மற்ற இரண்டு இடங்கள் கையில் இருக்கும்போது அதைப் பார்க்கவே வேண்டாம்.

ஸ்டார் எண்ணாத இன்னொரு விஷயம் அப்பாவின் பேச்சு. மறதிநோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி அதைவிட நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இப்படி ஆகலாம். ஒரு நர்சிங் ஹோமில் நம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு மருந்தைக் கூட்ட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், இரண்டு நாளாகச் சாயங்காலமானால் கத்துகிறார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார், பிடித்தால் கிள்ளுகிறார் என்று. நான் உள்ளே போனபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தார். "ஒண்ணுக்கு வருது, ஒண்ணுக்கு வருது" என்று கத்தினார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தோம், முடித்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். அந்த ஊழியர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அந்த ஒரு சொல் தெரியாது. அவருக்கு அன்று ஒரு மாத்திரை கூடியிருக்கும், மாத்திரையின் தள்ளாட்டத்தில் விழுந்திருப்பார். அந்த இடத்தின் தர ஸ்டாரில் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

சேர்ந்தவுடன் பிம்ஸ் என்று ஒரு சிறிய நினைவுத் தேர்வு வைப்பார்கள், 15 மதிப்பெண், 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையான பாதிப்பு என்று எழுதுவார்கள். மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, என்ன வருடம், என்ன மாதம் என்று கேட்பது. அதை அப்பாவுக்கு ஆங்கிலத்தில் வைத்தால் இருப்பதைவிடக் கீழேதான் வரும், அதை வைத்துத்தான் அவரால் எதைப் புரிந்துகொள்ள முடியும், எதைப் பற்றி அவரிடம் கேட்கலாம் என்று முடிவாகும். விருப்ப மொழி எது, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று அவர்களுடைய மதிப்பீட்டுப் படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. "தமிழ், தேவை" என்று எழுதவைத்து, தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தேர்வு நடத்தச் சொல்லுங்கள், மெடிகேர் பணம் வாங்கும் இடம் அந்த உதவியைக் கொடுக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, ஒண்ணுக்கு, தண்ணி, வலி, பசி, குளிருது, போதும் என்று அப்பா வாயில் வரும் சொற்களை, அவர் சொல்கிற விதத்திலேயே ஆங்கில எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுவது. சுத்தத் தமிழில் எழுதாதீர்கள், அவர் "சிறுநீர்" என்று கத்தப்போவதில்லை.

நேரில் போய்ப் பார்ப்பது பற்றி. காலை 11 மணிக்கு அட்மிஷன் ஆள் சுற்றிக்காட்டும்போது எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்குச் சொல்லாமல் போங்கள், முடிந்தால் சனி ஞாயிறு. மறதிநோயாளிகளுக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும், அதே நேரத்தில்தான் ஷிஃப்ட் மாறி ஆளும் குறைந்திருக்கும். சாப்பாட்டு அறையில் ஒரு ஓரமாக நில்லுங்கள். ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி இரண்டு பேருக்கு மாறிமாறி ஸ்பூனை நீட்டுகிறாரா. கூப்பிடும் மணியின் விளக்கு எரிந்தால் எவ்வளவு நேரத்தில் யாராவது போகிறார்கள். எழுந்து நடக்கிற ஒருவரிடம் "உட்காருங்க, உட்காருங்க" என்று தோளை அழுத்துகிறார்களா, கூடவே நாலு தப்படி நடக்கிறார்களா. உடம்பு நாற்றம் எங்கேயாவது ஒரு அறையில் இருப்பது சகஜம், நடை முழுக்க இருந்தால் கிளம்பிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே.

"மெமரி கேர்" என்று போர்டு போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அந்தப் பிரிவுக்கென்று தனி ஸ்டார் கிடையாது. அசிஸ்டட் லிவிங்கில், அதாவது நர்சிங் ஹோம் அளவுக்கு மருத்துவக் கவனிப்பு இல்லாத முதியோர் குடியிருப்புகளில், இருக்கும் மெமரி கேர் இடங்கள் கேர் கம்பேரில் வரவே வராது, அவை மாநிலத்தின் கையில். உங்கள் அப்பா முதலில் எலும்பு தேறும்வரை பிசியோதெரபிக்குப் போவார், பிறகு அங்கேயே தங்கும்படி ஆகலாம். தர அளவீடுகளில் குறுகிய காலத் தங்கல், நீண்ட காலத் தங்கல் என்று இரண்டு ஸ்டார் தனித்தனியாக இருக்கும். முதலாவதில் 5, இரண்டாவதில் 2 என்று இருக்கும் இடங்கள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. மெடிகேர் அதிகபட்சம் 100 நாள்தான், அதிலும் 20 நாளுக்குப் பிறகு உங்கள் பங்கு வரும், அதற்கப்புறம் மெடிகெய்டா (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) சொந்தப் பணமா, மெடிகெய்டு படுக்கை காலியாக இருக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

எங்கே சேர்த்தாலும், 48 மணி நேரத்துக்குள் முதல் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, அதிலிருந்து 7 நாளுக்குள் முழுத் திட்டம். அந்தத் திட்டம் போடும் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட வேண்டும். திட்டத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: அப்பா கத்தினால், அலைந்தால், முதலில் பாத்ரூம், வலி, தாகம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இவற்றைப் பார்க்க வேண்டும், புது மருந்து தொடங்கும் முன் உங்களுக்குப் போன் வர வேண்டும். மருந்தின் பெயர், காரணம், எப்போது குறைக்கப் பார்ப்பீர்கள் என்று கேட்கும் உரிமையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், அப்பாவின் சார்பில் முடிவெடுப்பவர் என்ற முறையில் உங்களுக்கு உண்டு. அந்த அதிகாரத்தை உங்களுக்குக் கொடுக்கும் ஹெல்த் கேர் ப்ராக்ஸி படிவம் கைவசம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தேவைப்படும்போது கொடுக்கலாம் என்று எழுதும் ஆன்டிசைக்காட்டிக் 14 நாளுக்கு மேல் தானாக ஓடக் கூடாது, டாக்டர் நேரில் பார்த்துத்தான் மறுபடி எழுத வேண்டும். யாரும் காது கொடுக்கவில்லை என்றால் தங்கியிருப்பவர்களின் புகார்களைக் கவனிக்கும், மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், இலவசம், அவர்கள் நேரில் வருவார்கள். அந்த எண்ணும் நர்சிங் ஹோம் சுவரிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

அண்ணன் விஷயம். ஐந்து வருடம் கூடவே வைத்துப் பார்த்தவர் நீங்கள். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன, ராத்திரியில் எழுந்து நடக்கப் பார்க்கிற, ஆள் எடை முழுவதும் சாய்கிற ஒருவரை ஒரு வீட்டில் ஒருவர் தூக்கிப் பார்த்துக்கொள்ள முடியாது, இதில் தள்ளுவது எதுவுமில்லை. அவரோடு வாதம் பண்ணாதீர்கள், வேலை கொடுங்கள். பராமரிப்புத் திட்டக் கூட்டத்தில் ஸ்பீக்கர் போனில் அவரையும் சேருங்கள், அதற்குத் தடை இல்லை. சென்னையில் விடியும் நேரம் இங்கே இரவு எட்டு, எட்டரை. அந்நேரத்துக்கு அப்பாவின் அறைக்குத் தினமும் வீடியோவில் கூப்பிட்டுத் தமிழில் பத்து நிமிடம் பேசட்டும், யார் பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டாலும் அப்பா கேட்பார். கூட்டம் நடக்கும் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், மருந்துப் பட்டியலையும் அனுப்பினால் எதைக் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.